துஆவில் விடுபட்டவர்கள்

வாப்பாவின் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இரண்டு வருடங்கள் இருந்தோம். பாட்டுக்குப் பேர்போன ஊர் அது. அந்நாட்டில் குர்திய மக்கள் மிக அதிகமாக வாழும் ஊரும் அதுதான் என்பது போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

முதல் நோன்புப் பெருநாளன்று எங்களுக்குப் போக ஒரு வீடில்லை. உம்மா வட்டிலப்பம் அவித்து வைத்துவிட்டு, யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் இருந்தார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, கீழ் வீட்டுக் குர்திய மாமி உம்மாவின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவேயில்லை. நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

காலையிலேயே சோறும் இறைச்சிக் கறியும்! திராட்சை இலையில் அரிசியைச் சுருட்டி வேகவைத்த யாப்ராக், பேரீச்சம்பழம் வைத்த குலிச்சா, சின்னக் கண்ணாடிக் குவளையில் பிளேன்டீ. பெண்பிள்ளைகள் மினுமினுக்கும் நீளச் சட்டையோடு வந்து, "ஜெஜ்னா வ பீரோஸ் பெ" என்று பெருநாள் வாழ்த்துச் சொன்னார்கள். குர்தியரில் பெரும்பாலானோர் நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபினர் என்று வாப்பா சொன்னார். வட்டிலப்பத்தை மாமி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு எல்லோரும் மையவாடிக்குப் போனோம். மாமி கபுறு கபுறாக நின்று ஓதினார். "இவர்களெல்லாம் உங்கள் சொந்தக்காரர்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இல்லை. என் வாப்பாவுக்குக் கபுறில்லை. அதனால் இவர்களுக்கு ஓதுகிறேன்."

1988இல் சதாம் ஹுசைனின் படை வடக்கு ஈராக்கிலுள்ள அவர்களுடைய கிராமத்தை அழித்தபோது, மாமி சிறுமி. மலை தாண்டித் துருக்கிக்கு ஓடி, அங்கே அகதி முகாமில் வளர்ந்தவர். பிடித்துச் செல்லப்பட்ட வாப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் படையெடுப்புக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அன்பால்'. ஆம், குர்ஆனின் எட்டாவது ஸூராவின் பெயர்தான். பல்லாயிரக்கணக்கான குர்தியர் அதில் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் மார்ச் 16இல் ஹலப்ஜா நகரில் நச்சுவாயு வீசப்பட்டுச் சுமார் 5000 பேர் இறந்தார்கள்.

அந்த ஸூராவை நான் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஸலாஹுத்தீன் ஐயூபியைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பரிசுகூட வாங்கினேன். அவர் ஒரு குர்தியர் என்பது என் பேச்சில் இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் இதைத் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். "அது முஸ்லிம்களுக்குள்ளே நடந்தது. ஏன் இப்போது கிளறுகிறாய்?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஒடுக்கப்பட்டவர்களுக்காக நாம் கேட்கும் துஆக்களில் ஊர்கள் பல வருகின்றன. ஒடுக்கியவரும் முஸ்லிமாக இருந்துவிட்டால் அந்த ஊர் விடுபட்டுப் போகிறது. அப்படியென்றால் நாம் அழுவது அநியாயத்துக்காகவா, அல்லது செய்தவர் யார் என்று பார்த்துத்தானா?

என் வாப்பும்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர். "பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று யாராவது அவரிடம் சொன்னால் எங்களுக்கு எவ்வளவு கோபம் வருகிறது! அதே வார்த்தையை அந்த மாமியைப் பார்த்து எப்படி நாம் சொல்லலாம்? இஸ்லாமிய தின விழாவில், ஈராக்கிய அரசாங்கம் அந்தப் பெயரை எதற்கு வைத்தது என்பதையும் ஒரு மாணவி பேசட்டும். அதனால் நம் ஈமான் குறைந்துவிடாது.

வாப்பும்மாவிடமும் மாமியின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை.

"அந்தப் புள்ளட வாப்பாட பேரென்ன மகள்? யாஸீன் ஓதக்குள்ள பேரைச் சேர்த்துச் சொல்லணுமே."

நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மாமியின் மகளுக்கு நேற்றிரவு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறேன்.