வாலும் தலையும் விரலும்

மனிதன் நாவினால் மாத்திரமே பேசுகின்றான் என்று எண்ணுவது பெரும்பிழை. ஆமத்தூர்க் கடைத்தெருவில் அரைநாழிகை நின்று பார்ப்போர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். தேநீர்க் கடை வாயிலில் நாயொன்று வாலை ஆட்டுகின்றது. உள்ளே ஒருவர் மற்றொருவர் கூற்றுக்குத் தலையை ஆட்டுகின்றார். எதிர்வீட்டுத் திண்ணையில் தாயொருத்தி குறும்பு செய்த மகனை நோக்கிச் சுட்டுவிரலை ஆட்டுகின்றாள். ஒருவர் வாயினின்றும் ஒரு சொல்லும் பிறக்கவில்லை. எனினும் மூன்று செய்திகள் சென்று சேர்ந்துவிட்டன. ஆயின், அச்செய்திகளை நாம் சரிவரப் படித்துக்கொள்கின்றோமா என்பதே என் வினா.

நாய் வாலாட்டினால் மகிழ்கின்றது என்பது பொது வழக்கு. அது முழு உண்மையன்று. பகைவன் வருகின்றான் என்று எண்ணும் நாய் வாலை விறைப்பாக நிமிர்த்தி அணுகுவதையும், வருபவன் தன் தலைவனே என்று கண்டவுடன் உடல் குழைந்து வாலைத் தாழ்த்தி ஆட்டுவதையும் சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட நூலொன்றில் விரித்துரைத்திருக்கின்றார். 2007-ல் இத்தாலிய அறிஞர் சிலர், வளர்த்தவரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கம் மிகுதியாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் மிகுதியாகவும் ஆடியதைக் கண்டறிந்தனர். ஆகவே வாலாட்டமென்பது ஒரு சொல்லன்று. அன்பு, அச்சம், ஐயம் ஆகிய பல சொற்கள் அதில் அடங்கியுள்ளன. எத்துணை வீரமுள்ள நாயும் வெடியோசை கேட்ட மாத்திரத்தில் வாலைக் கால்களினிடையே ஒடுக்கிக்கொள்வதை வெடி பிறக்கும் நாட்டினராகிய நாம் அறியாதவரல்லோம்.

நம் தமிழ்மொழி இவ்விஷயத்தில் மிக நுட்பமானது. செல்வர் முன் குழைந்து நிற்பவனையும் ‘வாலாட்டுகிறான்’ என்கின்றோம். அடங்காமல் எதிர்த்து நிற்பவனையும் ‘என்னிடமா வாலாட்டுகிறாய்?’ என்று அதட்டுகின்றோம். பணிவுக்கும் துடுக்குக்கும் சொல் ஒன்றே! வால் எவ்வாறு ஆடியது என்பதைக் காட்டிலும், அதைப் பார்த்தவர் எவ்விடத்தில் அமர்ந்திருந்தார் என்பதே பெரும்பாலும் பொருளைத் தீர்மானிக்கின்றது போலும்.

இனித் தலையைக் காண்போம். நம்மவர் தலையை இருபுறமும் மெல்ல அசைப்பது ஆமென்றோ அன்றென்றோ விளங்காமல் அயல்நாட்டார் திகைப்பதுண்டு. இசையரங்கில் அதே அசைவு சுவைத்தமைக்கு அடையாளம். மத்தேயு சுவிசேஷத்தின் 27-ஆம் அதிகாரத்திலோ, சிலுவையின் அருகே நடந்து சென்றோர் ஏளனமாகத் தலையை அசைத்துச் செல்கின்றனர். எனினும், ஏளனத்தினும் தீங்கு மிக்க தலையாட்டம் ஒன்றுண்டு. அது விளங்காமலே ஆட்டும் தலையாட்டம். தஞ்சாவூர்ப் பொம்மை தொட்ட கைக்கெல்லாம் ஆட்டும். பூம்பூம் மாடு மேளம் கேட்டவுடன் ஆட்டும். அவற்றின் மேல் குற்றமில்லை. மனிதன் அவ்வாறு ஆட்டுவானாயின், அக்குற்றம் யாருடையது?

இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின் விரலை நோக்குதல் வேண்டும். வால் எளியோரது கருவி. விரல் வலியோரது கருவி. மகன் தந்தையை நோக்கியும், வேலையாள் முதலாளியை நோக்கியும் விரலாட்டக் கண்டதுண்டோ? ஏசாயா தீர்க்கதரிசி உண்மையான உபவாசம் இன்னதென்று கூறும் 58-ஆம் அதிகாரத்தில், நீக்கத்தக்க தீமைகளை எண்ணும்போது நுகத்தடியோடு விரல் நீட்டுதலையும் ஒருங்கே வைத்திருக்கின்றார். கழுத்தில் ஏற்றும் நுகமும் முகத்தெதிரே நீளும் விரலும் ஓரினம் என்பது அவர் கண்ட உண்மை.

நம் வட்டாரத்தில் இது வெறும் நீதியுரையன்று. உயிர் பற்றிய செய்தி. வெடிமருந்து உராய்வால் பற்றிக்கொள்ளும். ஆதலின் இரும்புக் கருவி கூடாது, ஓர் அறையில் குறித்த தொகைக்கு மேல் ஆட்கள் கூடாது, மர நிழலில் அமர்ந்து வேலை செய்தல் கூடாது என விதிகள் உள்ளன. குளோரேட்டு உப்பைக் கந்தகத்தோடு சேர்த்தல் 1992-லேயே தடுக்கப்பட்டது. இவற்றைச் சொல்லி விரல் ஆடுகின்றது; தொழிலாளியின் தலையும் ஆடுகின்றது. ஆனால், செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி என்றிருக்கும் இடத்தில், காலையில் ‘கவனம்’ என்று ஆடிய விரலே மாலையில் ‘ஏன் குறைந்தது?’ என்று ஆடுமாயின், அவன் எதற்கென்று தலையாட்டுவான்? 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிவந்தவரும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய விபத்துக்குப் பின்னரெல்லாம் ‘சொன்னதைக் கேட்கவில்லை’ என்று மீண்டும் ஒரு விரல் ஆடக் காண்கின்றோம். தலையாட்டியதைச் சம்மதம் என்று கொண்டோமேயன்றி, அஃது அச்சமா அறிவா என்று ஆராய்ந்தோமில்லை.

அங்ஙனமாயின் விரலே ஆடலாகாதோ எனின், அவ்வாறன்று. அடுப்பண்டை தவழும் குழந்தையை நோக்கித் தாய் விரலாட்டுதல் அன்பின் செயல். ஆனால் அவள் விரலாட்டியதோடு நிற்பதில்லை. எழுந்து சென்று குழந்தையைத் தூக்கிக்கொள்கின்றாள். பின் தொடர்ந்து செல்லும் கால் உடைய விரலே நல்ல விரல். இருந்த இடத்திலிருந்தே ஆடும் விரல், பின்னொரு நாள் பழி சுமத்துவதற்குச் சாட்சி தேடும் விரலாகும்.

மாணவ நண்பர்களே! வகுப்பறையில் ‘விளங்கிற்றா?’ என்ற வினா எழுந்தவுடன் நாம் அனைவரும் ஒருங்கே தலையாட்டுகின்றோம். விளங்காதவன் ஒருவன் எழுந்து ‘ஐயா, விளங்கவில்லை’ என்பானாயின் அது வாலாட்டமன்று. அதுவே கல்வியின் தொடக்கம். ஆசிரியப் பெருமக்களும் அதனைத் துடுக்கென்று கொள்ளாதிருக்க வேண்டுகின்றேன். நம்மிற் சிலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் விரலாட்டும் இடத்தில் அமர்வோம். அன்று எதிரே ஒரு தலை அசையுமாயின், நம் விரலை மடக்கி, ‘என்ன விளங்கிற்று, சொல் தம்பி’ என்று ஒருமுறை கேட்போமாக. அவ்வொரு வினா ஓர் உயிரைக் காத்தலும் கூடும்.