மாங்காய்க்குப் பட்டா கேட்போருக்கு

மாம்பழப் பருவம் தொடங்கியது. கூடவே அந்தப் பழைய பதிவும் சுற்றத் தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ‘மேங்கோ’ நம் மாங்காயே என்றும், மலையாளி நம்மிடம் கடன் வாங்கியதைப் போர்த்துக்கீசியர் கொண்டுபோனார்கள் என்றும் அது முழங்குகிறது. மொழியியல் பயின்றோரும் இதைப் பகிர்வதால் எழுத நேர்கிறது.

முதலில் அவர்களுடைய வலுவான சான்றை ஒப்புக்கொள்கிறேன். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இச்சொல்லுக்குத் தமிழையே மூலமாகக் காட்டுகிறது. ஒலியும் பொருந்துகிறது. ஆனால் சொல்லாராய்ச்சி ஒலியோடு முடிவதில்லை.

பொருளைப் பாருங்கள். தமிழில் மாங்காய் பழுக்காதது. பழுத்தால் அது மாம்பழம். ‘பழுத்த மாங்காய்’ என்றால் நம் காதுக்கு உறுத்தும். நான் வசிக்கும் மட்டாஞ்சேரியிலோ ‘பழுத்த மாங்ங’ என்பது பழக்கடையின் அன்றாடப் பேச்சு. ‘ங்க’ என்பது ‘ங்ங’ ஆன மாற்றத்தை ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘கேரள பாணினீய’த்தில் (1896) அனுநாசிகாதிப்பிரசரம் என்றார். அம்மாற்றத்தோடு ஈற்று யகரமும் தேய்ந்தபோது, சொல்லுக்குள் இருந்த ‘காய்’ கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ‘மாங்ங’ காய்க்கும் பழத்துக்கும் பொதுப்பெயராயிற்று. போர்த்துக்கீசிய ‘மங்கா’வும் அத்தகைய பொதுப்பெயரே. கடன் வாங்குவோர் பொருளை விரித்துக்கொள்வதும் உண்டு என்பதால் இது முடிந்த முடிபன்று. எனினும் தராசு மலபார்க் கரைப்பக்கம் சாய்கிறது. சாயவில்லை என்போர் காரணம் காட்ட வேண்டும்.

‘மலையாளி கடன் வாங்கினான்’ என்பது இதைவிடப் பெரிய பிழை. இரண்டும் ஒரே பழைய வடிவிலிருந்து வந்தவை. பாட்டன் சொத்தில் பங்கு பெற்ற தம்பியைக் கடன்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

துறைமுகங்கள் ஒருமொழிப் பேட்டைகளாக இருந்ததும் இல்லை. 1510இல் வெளியான தம் பயணநூலில் இத்தாலியர் வர்த்தேமா, கோழிக்கோட்டில் கண்ட இக்கனியை ‘அம்பா’ என்றும் அதன் அடிமரத்தை ‘மங்கா’ என்றும் குறித்தார். இரு சொற்களும் அவர் காதில் விழுந்திருக்கின்றன. இன்றும் மட்டாஞ்சேரியில் கொங்கணியர் ‘ஆம்பொ’ என்பர், குஜராத்தியர் ‘கேரி’ என்பர்.

தமிழுக்குப் பெருமை வேண்டுமென்றால் அது வேறிடத்தில் இருக்கிறது. காய், பழம் என்ற வேறுபாட்டைச் சொல்லமைப்பிலேயே தமிழ் காத்து வருகிறது. 100ஆம் குறள் இன்சொல்லைக் கனியாகவும் வன்சொல்லைக் காயாகவும் காட்டுவதும், ‘பிஞ்சிலே பழுத்தவன்’ என்ற வசை நமக்கு உடனே விளங்குவதும் அந்த வேறுபாட்டின் மீது நிற்கின்றன. ‘மேங்கோ’வுக்கு உரிமை கோரும் அவசரத்தில் நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

கொட்டையை நெருங்கும்போதுதான் மாங்காயின் புளிப்புத் தெரியும் என்பது மலையாளப் பழமொழி. அடுத்தமுறை அப்பதிவைப் பகிருமுன் ‘பழுத்த மாங்காய்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.