கோமாரிக்குப் போகும் வேன்

அரச ஊழியருக்கு ஆண்டுதோறும் இலவச ரயில் வாரண்ட் உண்டு. அம்பாறை மாவட்டத்திலோ ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அரசாங்கம் தன் ஊழியரின் பயணத்தைப் பற்றி எங்கிருந்து யோசிக்கிறது என்பதற்கு இந்த ஒரு சலுகையே போதும்.

இந்த மாவட்டத்தின் கல்முனையிலிருந்து கோமாரி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். பொத்துவில் இன்னும் தள்ளி. அங்கே கற்பிக்கப் போகிறவர்கள் பலர் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஏ4 வீதி நெடுகிலும் வசிக்கிறார்கள். பாடசாலை மணி காலை 7.30க்கு அடிக்கும். சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டால்தான் சரிவரும். இதற்கு ஆசிரியர்கள் தாங்களே கண்ட வழி, மாதக் கணக்கில் பேசிய வேன். சந்திக்குச் சந்தி நின்று ஆளேற்றும். லீவு என்றால் முதல் நாளிரவே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரின் வாசலில் ஹோர்ன் அடித்து ஓய்ந்த ட்ரைவர், "டீச்சர் வாறாவா இல்லையா, ஆராவது கோல் எடுத்துக் கேளுங்களன்" என்பார். உள்ளே ஒருவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் கோமாரிக்குத் தனியே போய் வந்தால் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல். டீசல் வேன் பத்து லீற்றருக்கு மேல் குடித்தாலும், அதைப் பன்னிரண்டு பேர் பங்கிட்டால் தலைக்கு இரண்டரை கிலோ கூட வராது. சுற்றாடல் தினத்தில் மரக்கன்று நடும் எந்தக் கந்தோரும் இந்த வேனைத் தன் சாதனையாகச் சொல்வதில்லை. செலவைப் பார்த்துப் பிறந்த ஏற்பாடு என்பதாலோ என்னவோ, அது யார் கண்ணிலும் படவில்லை.

நிறுவனம் எதற்குச் சலுகை கொடுக்கிறதோ அப்படித்தான் ஊழியர் பயணம் செய்வார். உயர் உத்தியோகத்தருக்கு வரிச் சலுகையில் வாகன பெர்மிட் என்பது நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். 2014இல் வெளிக்கள உத்தியோகத்தருக்கு மானிய விலையில் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. பலருடைய சைக்கிளுக்கு அன்றோடு ஓய்வு. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஸ்கூட்டி வந்த பிறகுதான் நமது பகுதிப் பெண்கள் பலர் அடுத்தவரை எதிர்பாராமல் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அந்தச் சுதந்திரத்தைப் பசுமையின் பேரால் பறிக்க யாரும் நினைக்கக் கூடாது.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு மறுபக்கத்தைக் காட்டியது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். கோமாரிக்கு இரண்டு நாள் போய் வரவும் அது காணாது. பரணிலிருந்து இறங்கிய சைக்கிளும் நெரிசல் பஸ்ஸும் அப்போது யாருக்கும் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. 2023 செப்டம்பரில் கியூஆர் நீங்கியது. பழக்கமும் அத்தோடு போயிற்று. தட்டுப்பாடு கற்றுத்தருவது தட்டுப்பாடு உள்ளவரைதான் நிற்கும்.

இப்போது மோட்டார் சைக்கிளுக்கு ஆளைத் தள்ளுவது எது? கந்தோர் வாசலில் வரவு பதியும் ஃபிங்கர் மெஷினுக்கு அதில் பெரிய பங்குண்டு என்பேன். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் அதில் வந்தவர் ஃபிங்கர் வைக்கப் பிந்துகிறார். பிழை அவர் தலையில். தனி வாகனக்காரருக்கு அந்தப் பயமில்லை. காலை 8.30 என்பதை அரை மணி நேரம் முன்பின்னாக்கி, பிந்தியதை மாலையில் ஈடுசெய்ய விட்டால் என்ன குறைந்துவிடும்? கொழும்பு வாகன நெரிசலுக்காக 2017இல் பத்தரமுல்லையில் நெகிழ்வான அலுவலக நேரத்தைப் பரீட்சித்துப் பார்த்த அரசாங்கம்தானே இது. பாடசாலை மணியை அப்படி நகர்த்த முடியாது. அங்கே நகர வேண்டியது பஸ். வெள்ளிக்கிழமை முஸ்லிம் பாடசாலைகள் ஜும்ஆவுக்காக நேரத்தோடு விடும். அதற்கேற்ற பஸ் இல்லாவிட்டால் மற்ற நான்கு நாள் பஸ்ஸும் நம்பிக்கை இழக்கும்.

பெல்ஜியத்தில் 2023 மே முதல் தனியார் துறையிலும் சைக்கிளில் வேலைக்கு வருவோருக்குக் கிலோமீற்றர் கணக்கில் படி உண்டு. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில், ஊழியருக்காகப் பத்துக்கு மேல் வாகனத் தரிப்பிடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் 2012 முதல் நகரசபைக்கு வரி கட்டுகின்றன. அந்தப் பணம் ட்ராமுக்குப் போகிறது. இரண்டாவது நமக்குப் பொருந்தாது. மாறிப் போக ட்ராமுமில்லை, ரயிலுமில்லை. முதலாவதைச் சிறிய அளவில் செய்யலாம். ஆனால் படிக்கு முன்னால் கூரை வேண்டும். பல கந்தோர்களில் காருக்குத் தகரக் கொட்டகை, சைக்கிளுக்கு மதிலோரத்து வெயில். சீற்றில் கை வைக்க முடியாது. ஹபாயா செயினில் மாட்டாதிருக்க ஒரு மூடி. கச்சான் காற்றில் மிதித்து வந்தவர் முகம் கழுவ ஓரிடம். ஊருக்குள் நாலைந்து கிலோமீற்றர் வருகிறவருக்கு இவ்வளவு போதும். தரை முழுக்கச் சமதரை. கோமாரிக்கு சைக்கிளில் போகச் சொல்ல மாட்டேன். தூரம் ஒருபுறமிருக்க, அந்தப் பக்கம் மாலை மங்கினால் யானைப் பயம்.

இந்தப் பயணங்களெல்லாம் எரிக்கும் எண்ணெய் இந்தக் கரைக்குத் தூரத்து விஷயமுமல்ல. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் கடலில் நியூ டயமன்ட் கப்பல் தீப்பிடித்தபோது அதனுள் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது கடலில் கொட்டாமல் தப்பியது கரைவலைக்காரரின் அதிர்ஷ்டம்.

கோமாரி போன்ற தூரப் பயணத்துக்கு மருந்து நியமனத்தில்தான் இருக்கிறது. இடமாற்றப் பட்டியல் தயாரிக்கும்போது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான கிலோமீற்றரை ஒரு நிரலாகச் சேர்க்கப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வெளியூரார் எல்லோரையும் ஒரேயடியாகத் திருப்பி எடுத்தால் பொத்துவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லாமல் போகும். அது பசுமையல்ல, அநியாயம். கோமாரியிலும் பொத்துவிலிலும் படித்து வருகிற இளையவர்கள் அந்த ஊர்களிலேயே நியமனம் பெறும்வரை வேன் ஓடத்தான் வேண்டும். அதுவரை வலயக் கல்வி அலுவலகம் அந்த வேன்களைப் பதிந்து, வாடகையில் ஒரு பங்கைப் படியாகத் தரலாம். வழியில் டயர் காற்றுப் போய்ப் பிந்தும் நாளில், பன்னிரண்டு பேருக்கும் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு போடாமலும் இருக்கலாம்.