ட்ரங்குப் பெட்டியின் வாரிசு

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் இந்த வீதிகளின் உள்சந்துகளில், வங்கிகளும் சாஃப்ட்வேர் நிறுவனங்களும் கழித்துக் கட்டிய சர்வர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். வியாபாரியின் கண் பிராசஸர் மீதும் ராம் மீதும்தான். அவற்றைக் கழற்றி விற்ற பிறகு மிஞ்சும் இரும்புப் பெட்டி பெரும்பாலும் எடைக்குப் போகும். அந்தப் பெட்டியைத் தேடியே ஒரு கூட்டம் இப்போது வருகிறது.

இவர்கள் செய்யும் காரியம் சொல்ல எளிது. சர்வர் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண மதர்போர்டை அதே பெட்டியில் பொருத்துகிறார்கள். முன்பக்கம் வரிசையாக இருக்கும் அறைகளில் ஹார்ட் டிஸ்குகளைச் செருகுகிறார்கள். ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருளை ஏற்றியதும் பெட்டி வீட்டுக்குள்ளேயே ஒரு சேமிப்புக் கிடங்காகிவிடுகிறது. குடும்பத்தின் எல்லா போன்களும் லேப்டாப்களும் அதில் போய்ப் படங்களை இறக்கிவைக்கலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு காலத்தில் பத்திரங்களும் பட்டுப்புடவையும் கல்யாண ஆல்பமும் ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இன்று ஆல்பம் போனில் இருக்கிறது. போன் நிறைந்தால் வாடகைக்கு ஓர் அலமாரி தேட வேண்டியிருக்கிறது. கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச சேமிப்பை 2021 ஜூன் 1 அன்று நிறுத்தியது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டும், அதிலும் மெயிலுக்குப் பங்கு உண்டு. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவருக்கு அது ஒரு முகூர்த்தத்துக்குக்கூடப் போதாது.

கடையில் தயாராகக் கிடைக்கும் சேமிப்புப் பெட்டிகள் உண்டு. ஆனால் டிஸ்க் இல்லாமலேயே பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். நான்கு டிஸ்குக்கு மேல் பிடிக்க வேண்டுமென்றால் விலை சட்டென்று எகிறும். தவிர, முடிவு தயாரிப்பாளர் கையில் இருக்கும். 2025 ஏப்ரலில் சினாலஜி நிறுவனம் தன் புதிய பிளஸ் ரகப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்குகளையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபரில் அதைத் தளர்த்தியது. பின்வாங்கியது நல்லதுதான். ஆனால் வாங்கிய பிறகும் பெட்டி யாருடையது என்ற கேள்வி பலர் மனதில் தங்கிவிட்டது.

துளைகள் பேசும் மொழி

பழைய பெட்டியில் புதிய போர்டு உட்காருவதற்குக் காரணம் ஒரு பழைய ஒப்பந்தம். 1995ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டம், மதர்போர்டின் நீள அகலத்தையும் திருகுத் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் வகுத்தது. முழு அளவு போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். அதற்குப் பிறகு பிராசஸர்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. துளைகள் அசையவில்லை.

பெட்டியின் வெளி அளவுக்கு வயது இன்னும் அதிகம். 19 அங்குல அகலம் டெலிபோன் நிலையங்களின் சட்டங்களிலிருந்து வந்தது. உயரத்தை 'யு' கணக்கில் அளக்கிறார்கள். ஒரு யு என்றால் ஒன்றே முக்கால் அங்குலம்.

ஆனால் எல்லாப் பெட்டிகளும் இந்த ஒப்பந்தத்தை மதிப்பதில்லை. டெல், எச்.பி. போன்ற பெரிய நிறுவனங்களின் ரேக் சர்வர்களில் போர்டின் வடிவம், துளைகள், மின் இணைப்பு எல்லாமே பெரும்பாலும் அவர்கள் வைத்த சட்டம். பவர் சப்ளை நேராக போர்டிலேயே போய்ச் செருகிக்கொள்ளும். அதில் சாதாரண மதர்போர்டைத் திணிக்க நினைப்பவர் டிரில் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். சூப்பர்மைக்ரோ பெட்டிகளுக்கு இந்த வட்டாரத்தில் மவுசு இருப்பது அதனால்தான். 12 டிஸ்க் பிடிக்கும் 826, 16 பிடிக்கும் 836, 24 பிடிக்கும் 846 ஆகிய மூன்று எண்களும் இவர்களுக்கு மனப்பாடம். இவற்றில் ஏ.டி.எக்ஸ். துளைகள் தயாராக இருக்கின்றன.

எத்தனை யு என்பதும் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. 2யு பெட்டியின் வெளி உயரமே 89 மில்லிமீட்டர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உயரமான பிராசஸர் கூலர் அதில் நுழையாது. நிறுத்திச் செருகும் கார்டுகளும் குட்டை ரகமாக இருக்க வேண்டும். 4யு என்றால் 178 மில்லிமீட்டர். பெரும்பாலான கூலர்கள் அடங்கிவிடும். இடம் இருப்பவர்கள் 4யுவைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. 1யு பெட்டியை மலிவு என்று வாங்கி வருபவர்கள் சீக்கிரமே அதை விற்க ஆள் தேடுகிறார்கள்.

முள்ளும் முனையும்

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம், போர்டைத் தாங்கும் குட்டிப் பித்தளைத் தண்டுகள். பழைய சர்வர் போர்டுக்காக வைத்த தண்டு ஒன்று புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் நின்றால், அது அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகலாம். போர்டு உயிர்பெறாமல் போவதற்கும், நிரந்தரமாகப் போய்ச் சேருவதற்கும் இது போதும். வேண்டாததைக் கழற்றிவிட்டுத்தான் போர்டை உள்ளே இறக்க வேண்டும்.

அடுத்தது பவர் பட்டன். சூப்பர்மைக்ரோவின் முன்பலகையிலிருந்து 16 கம்பிகள் கொண்ட பட்டை வயர் வரும். வீட்டு மதர்போர்டிலோ ஒன்பது முள்தான். அப்படியே செருக முடியாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஜம்பர் வயர்களால் பவர் பட்டனுக்கான இரண்டு கம்பிகளை மட்டும் இழுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. மிச்ச விளக்குகள் எரியாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

சர்வரின் பவர் சப்ளை ஒருவகையில் வரப்பிரசாதம். ஒரே நேரத்தில் 12 டிஸ்குகள் சுழலத் தொடங்கினால், ஒவ்வொன்றும் அந்தச் சில நொடிகளுக்கு 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 24 ஆம்பியர். மலிவான எஸ்.எம்.பி.எஸ். தடுமாறும் இந்த இடத்தில் சர்வர் சப்ளை அலட்டிக்கொள்ளாது. ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும் இரட்டை ஏற்பாடும் பல பெட்டிகளில் உண்டு. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பலகையிலிருந்து வழக்கமான 24 முள், 8 முள் வயர்கள் வருகின்றனவா என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இந்திய வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. பெட்டி முழுக்க இரும்பு. பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லையென்றால் தொட்டவுடன் 'சுருக்'கென்று இழுக்கும். மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கும் பழைய வாடகை வீடுகளில் முதலில் கூப்பிட வேண்டியவர் எலக்ட்ரீஷியன்.

முதுகுப் பலகையின் ரகசியம்

பெட்டியின் நிஜமான மதிப்பு டிஸ்குகள் போய்ப் பொருந்தும் முதுகுப் பலகையில் இருக்கிறது. வயர் இழுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்கை உருவி மாற்றும் வசதி அதனால் வருவதுதான். இங்கேதான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம். 'எக்ஸ்பாண்டர்' வைத்த முதல் தலைமுறை சாஸ் பலகைகள் 2 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்கை முழுதாக அடையாளம் காணாது. இருபத்து நான்கு அறை இருக்கும், பெரிய டிஸ்க் ஒன்றுகூடப் பயன்படாது. ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி வயர் போகும் சாதாரணப் பலகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டு மதர்போர்டில் நான்கு முதல் எட்டு சாட்டா முனைகள்தான் வழக்கமாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஒரு கார்டு வேண்டும். எல்.எஸ்.ஐ. 9211-8ஐ போன்ற பழைய சர்வர் கார்டுகள் எட்டு டிஸ்குகளைத் தாங்கும். ஆனால் அவை சர்வரின் சூறைக்காற்றுக்குப் பழகியவை. மெதுவான காற்றில் கொதிக்கும். மேலே ஒரு குட்டி ஃபேனைக் கட்டிவைப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். இன்னொரு விதியும் உண்டு. சாஸ் கார்டில் சாட்டா டிஸ்க் வேலை செய்யும். சாட்டா முனையில் சாஸ் டிஸ்க் வேலை செய்யாது. மலிவாகக் கிடைத்தது என்று சாஸ் டிஸ்குகளை அள்ளிவந்தவர்கள் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

டிஸ்கைப் பிடிக்கும் தட்டுகளையும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். தகவல் வெளியே போகாமலிருக்க நிறுவனங்கள் டிஸ்குகளை உருவி அழிக்கும்போது தட்டுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. தனியாக வாங்கினால் பெட்டியின் விலையில் கணிசமான பங்கை அவை விழுங்கும்.

சத்தமும் மீட்டரும்

சர்வர் ஃபேன்கள் மனிதர்கள் இல்லாத அறைக்காகச் செய்யப்பட்டவை. முழு வேகத்தில் ஓடும்போது பக்கத்து அறையில் தூங்க முடியாது. ஃபேனை மாற்றுவது அல்லது வேகத்தைக் குறைப்பதுதான் வழி. ஆனால் அளவு முக்கியம். காற்று டிஸ்குகளின் இடுக்கு வழியாக நுழைந்து பின்னால் போக வேண்டும். மே மாத டெல்லியில் அறையின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும்போது, ஃபேனின் வாயை ஒரேயடியாகக் கட்டிவிட்டால் டிஸ்குகள் வெந்துபோகும். காலி அறைகளிலும் வெற்றுத் தட்டுகளைச் செருகிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், டிஸ்குகளை எட்டிப் பார்க்காது.

அப்படியானால் பழைய சர்வர் போர்டையே வைத்துக்கொண்டால் என்ன? பதில் மின்சார மீட்டரில் இருக்கிறது. இரட்டை ஜியான் பிராசஸர் கொண்ட பழைய போர்டு சும்மா இருக்கும்போதே 200 வாட் இழுத்தால், மாதம் 144 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,152 ரூபாய். 40 வாட்டில் ஓயும் வீட்டு போர்டுக்கு 29 யூனிட், சுமார் 230 ரூபாய். வருடத்துக்கு வித்தியாசம் 11,000 ரூபாயைத் தொடும். அதிக ஸ்லாபுக்குத் தள்ளப்படும் வீடுகளில் இன்னும் கூடும். ஓசியில் கிடைத்த போர்டு மாதாமாதம் கப்பம் வாங்கும் கதை இது. அடித்துப் பெய்யும் மழைநாளில் கரண்ட் போய் வரும் ஊர்களில் யு.பி.எஸ். செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றத்தில் இழப்பும் உண்டு. பிழை திருத்தும் ஈ.சி.சி. ராம் பெரும்பாலான வீட்டு போர்டுகளில் கிடையாது. தூரத்தில் இருந்தபடி சர்வரை அணைத்து எழுப்பும் வசதியும் போய்விடும். நள்ளிரவில் பெட்டி எழ மறுத்தால் மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கே சிக்கனம்?

இத்தனையும் சரியாக அமைந்த பிறகுதான் பெரிய ஆபத்து வருகிறது. அதன் பெயர் நிம்மதி. 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் முன்வைத்த 'ரெய்டு' என்ற யோசனைதான் இந்தப் பெட்டிகளின் அஸ்திவாரம். மலிவான பல டிஸ்குகளைக் கூட்டாக வேலை வாங்கினால், ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும். எட்டு 8 டி.பி. டிஸ்குகளில் இரண்டின் கொள்ளளவைக் காப்புக்கு ஒதுக்கினால் சுமார் 48 டி.பி. மிஞ்சும், எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.

ஆனால் தவறுதலாக அழித்த படத்தை ரெய்டு திருப்பித் தராது. எல்லா டிஸ்கிலிருந்தும் ஒரே நொடியில் விசுவாசமாக அழித்துவிடும். வைரஸ், திருட்டு, மின்னல், வெள்ளம் எதற்கும் அது பதில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகள் கற்ற பாடம் இது. ஒரே வீட்டில் எத்தனை பிரதி இருந்தாலும் தண்ணீருக்கு அது ஒரே பிரதிதான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதிக்கு மாற்று இன்னும் வரவில்லை. அக்கா வீட்டு அலமாரியில் தூங்கும் ஒரு வெளிப்புற டிஸ்க், 24 அறைப் பெட்டி செய்ய முடியாததைச் செய்யும்.

செகண்ட்ஹேண்ட் பெட்டி வாங்கியவருக்கு செகண்ட்ஹேண்ட் டிஸ்க் மீதும் ஆசை வரும். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளியான தகவல் அவர்களுக்காகத்தான். புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரியவந்தது. வெளியே காட்டும் கணக்கைப் பூஜ்யமாக்கி இருந்தார்கள். டிஸ்கின் உள்ளே வேறோர் இடத்தில் பதிவான கணக்கு காட்டிக்கொடுத்தது. இரும்புத் தகட்டுக்கு வயதாவதில்லை. சுழலும் டிஸ்குக்கு ஒவ்வொரு மணி நேரமும் வயதுதான். செத்த டிஸ்குக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு 8 டி.பி.யை நிரப்ப, நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில்கூட 15 மணி நேரம் ஆகும். ஒரே மூட்டையில் வாங்கிய கிழட்டு டிஸ்குகளுக்கு அதுதான் உயிர்ச் சோதனை.

இதில் பொதுநலமும் கொஞ்சம் இருக்கிறது. 2022ல் உலகம் தூக்கியெறிந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் வெறுங்கையோடு உடைபடுகிறது. சில ஆயிரம் பெட்டிகள் வீடுகளுக்குத் திரும்புவதால் அந்த மலை கரையப் போவதில்லை. ஆனால் எது திரும்ப முடிகிறது, எது முடியவில்லை என்பதில் ஒரு செய்தி இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான துளைகள் வைத்த பெட்டி இன்னொரு வாழ்க்கை வாழ்கிறது. தனக்கென்று தனித் துளை வைத்துக்கொண்ட பெட்டி தராசுக்குப் போகிறது.

பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம், டிஸ்கில் கூடாது. ட்ரங்குப் பெட்டி எவ்வளவு பழையதானாலும் பரவாயில்லை. பூட்டு மட்டும் புதிதாக இருக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.