கையேட்டில் பிழை இருக்கிறது, கையெழுத்துதான் இல்லை

2023 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.67 விழுக்காட்டுத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது பெரம்பலூர். மறு ஆண்டு அந்த இடம் 97.31 விழுக்காட்டோடு பக்கத்து அரியலூருக்குப் போனது. 2011 கணக்கெடுப்பில் இவ்விரு மாவட்டங்களின் எழுத்தறிவும் மாநிலச் சராசரியான 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது என்பதை நினைத்தால் இந்தப் பாய்ச்சலின் அருமை விளங்கும். வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஆசிரியர்கள் சிறப்பு வகுப்பு வைத்துப் பாடுபட்டதன் பலன் இது. பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறோம். குறை சொல்லும் உரிமையும் அதனால்தான் வருகிறது.

சிறப்பு வகுப்பின் ஆயுதம் பாடநூல் அல்ல, ‘மெல்லக் கற்போர் கையேடு’. தமிழகம் முழுக்க இது தயாராகும் விதம் ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பாடம் பிரித்துக்கொள்வார்கள்; வேலை முடிந்த இரவுகளில் தட்டச்சு நடக்கும்; ஒருவர் தொகுப்பார்; வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் வந்து விழும்; மறுநாள் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது ஔகாரக் குறியின் பின்பாதி தனி ‘ள’ ஆகி, வௌவால் ‘வெளவால்’ ஆகிவிடும். கணக்கில் பத்தின் தலைக்கு மேல் சிறியதாக நிற்க வேண்டிய 3 கீழே இறங்கி, ஆயிரம் என்பது 103 ஆகும். ‘பாறை’யின் வல்லினம் இடையினமாகிப் ‘பாரை’ ஆனால், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளை மீனைப் பற்றிப் படிக்கும். காற்புள்ளியின் கதை இன்னும் மோசம். ‘பொருந்தாததைத் தேர்க’ என்ற வினாவுக்கு நான்கு விடைகளும் இடைவெளியோ புள்ளியோ இல்லாமல் ஒரே வரியில் ஓடினால், முதல் விடை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு மதிப்பெண் வினா.

‘பொருள் புரிந்தால் போதாதா?’ என்பார்கள். நன்றாகப் படிக்கும் மாணவிக்குப் போதும். பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வாள். மெல்லக் கற்கும் பையன் அப்படியல்ல. அவன் கையில் இருப்பது அந்த முப்பது நாற்பது தாள்தான். எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்கிறான், பிழையையும் சேர்த்து. விடைத்தாளில் அதையே எழுதும்போது, கற்றுக்கொடுத்த துறையே மதிப்பெண்ணைக் குறைக்கிறது. 2022 பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்ப் பாடத்தில் மட்டும் 47,055 பேர் தேர்ச்சி பெறவில்லை. அத்தனைக்கும் எழுத்துப்பிழையே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிழையாகவே அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பிழையின்றி எழுது என்று எந்த முகத்தோடு கேட்பது?

2018 நீட் தேர்வு நினைவிருக்கும். தமிழ் வினாத்தாளில் சிறுத்தை ‘சீத்தா’ ஆனது, வவ்வால் ‘வவ்னவால்’ ஆனது. 49 வினாக்களில் பிழை என்று மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிழை நிரூபணமானாலும் பிள்ளைக்குப் பரிகாரம் கிடைக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழ்வழியில் படித்து 1,176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதாவை அதற்கு முந்தைய ஆண்டுதான் இழந்திருந்த அரியலூர் மாவட்டத்துக்கு இதை விளக்கவும் தேவையில்லை. தில்லியில் நேர்ந்த பிழைக்கு நீதிமன்றம் போனோம். நம் ஊரில் நேரும் பிழைக்கு, ‘கொஞ்சம் திருத்திப் படிக்கச் சொல்லுங்க சார்’ என்று குழுவில் ஒரு செய்தி போட்டு முடித்துக்கொள்கிறோம்.

நேரமில்லை, ஆளில்லை என்ற சாக்கையும் ஏற்பதற்கில்லை. 2011-இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்விப் பாடநூல்களில் புதிய அரசுக்குப் பிடிக்காத பகுதிகளைத் தாள் ஒட்டியும் மை பூசியும் மறைத்தார்கள். மாநிலம் முழுக்க அவ்வளவு புத்தகங்களிலும் கைவைக்க அன்று ஆளும் இருந்தது, பசையும் இருந்தது. தலைவர் பெயருக்கு ஓடிய கை ஒற்றெழுத்துக்கு ஓடாதா?

இரு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களும் சென்னையின் உத்தரவுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய வேலை இது. தான் எழுதியதன் பிழை தன் கண்ணில் படாது. ஆகவே பெரம்பலூர்க் கையேட்டை அரியலூர் ஆசிரியர்கள் மெய்ப்புப் பார்க்கட்டும். அரியலூருடையதைப் பெரம்பலூரார் பார்க்கட்டும். முதலிடத்துக்குப் போட்டியிடும் இருவர் ஒருவர் தாளில் ஒருவர் பிழை தேடினால் ஒன்றும் தப்பாது என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நாள்களை மாற்றுப்பணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இரவுக் கூலியில்லா வேலையாகத் தள்ளக் கூடாது. பார்த்தவர் பெயரும் கையெழுத்தும் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். மாவட்ட அளவில் தயாராகும் வினாத்தாளை, அச்சுக்குப் போகுமுன் எழுதாத ஒருவர் உட்கார்ந்து முழுவதும் விடையெழுதிப் பார்க்க வேண்டும். ரகசியம் போய்விடும் என்பவர்களுக்கு: தாளைத் தயாரிப்பவரை நம்பும் துறை இன்னொருவரையும் நம்பலாம்.

அதையும் மீறி வரும் பிழைகளுக்குத் திருத்தப் பட்டியல் ஒன்று, பிள்ளைகள் தம் பிரதியிலேயே சிவப்பு மையால் திருத்திக்கொள்ள, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும்.