எதிரொலியும் தன்னொலியும்

இசை பயிலும் மாணவர் பலரிடத்து இக்காலத்தில் ஒரு நம்பிக்கை வேரூன்றி நிற்கின்றது. புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் கிற்றார் ஒலி வேண்டுமாயின், அதற்குரிய பெட்டியை வாங்கிப் பொத்தானை அழுத்தினாற் போதும், ஒலி தானே வந்து சேரும் என்பதே அந்நம்பிக்கை. இது முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெட்டிக்காகச் செலவாகும் பணம் பெற்றோருடையது; அதன் முன்னிருந்து செலவாகும் இளமைக் காலமோ மாணவருடையது. ஆதலின் இதனை அற்ப விடயமெனத் தள்ளிவிடுதல் தகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘ஷடோஸ்’ என்னும் குழுவினர் ‘அபாச்சி’ என்ற வாத்திய இசையை இசைத்தட்டில் வெளியிட்டனர். ஜெரி லோடன் இயற்றிய அவ்விசை, இலண்டன் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. கலையகத்திற் பதிவாகி, பிரித்தானிய விற்பனை வரிசையில் 5 வாரம் முதலிடத்தில் நின்றது. பாடுவோர் எவருமின்றி ஒரு கிற்றாரே அதனைச் சுமந்து சென்றது. அதனை வாசித்தவர் ஹங்க் மார்வின். தெளிவும் கூர்மையும் வாய்ந்து, எதிரொலி நிழல்போற் பின்தொடர்ந்து வரும் அவ்வொலிக்குத் தாம் கடமைப்பட்டிருத்தலைப் பிரயன் மே, மார்க் நொப்லர் முதலான பிற்காலக் கலைஞர் மறைத்தாரில்லை. அவ்வொலியை அணுவும் பிசகாது மீளப் பெறவேண்டுமென்று இன்றும் உழைத்துவரும் அன்பர் உலகெங்கும் உளர்.

அவ்வொலி பிறந்த வரலாறு சிந்தித்தற்குரியது. மார்வின் அமெரிக்கப் பாடகர் றிக்கி நெல்சனின் இசைத்தட்டுகளிற் கேட்ட கிற்றாரொலியில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். அதனை வாசித்த ஜேம்ஸ் பேர்ட்டன் ‘பெண்டர்’ கிற்றார் வைத்திருந்தார் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அந்நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பெற்றுப் பார்த்து, அத்துணை சிறந்த கலைஞர் ஆகச் சிறந்த கருவியையே வைத்திருப்பார் என்று ஊகித்து, ‘ஸ்ராற்றோகாஸ்ரர்’ என்னும் வகையைத் தெரிந்துகொண்டனர். பாடகர் கிளிஃப் றிச்சட் பணம் கொடுத்து, 1959 இல் அது அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. பேர்ட்டன் வாசித்ததோ ‘ரெலிகாஸ்ரர்’ என்னும் வேறு வகை! ஊகம் பிழைத்தது, ஆயினும் அப்பிழையிலிருந்தே புதியதோர் ஒலி உலகுக்குக் கிடைத்தது. பிறரைப் பின்பற்றப் புறப்பட்டவர் தம்மைக் கண்டடைந்தார் என்க.

இனி எதிரொலிக்கு வருவோம். மார்வின் அக்காலத்திற் பயன்படுத்தியது இத்தாலிய நாட்டு ‘மெயாற்சி எக்கோமற்றிக்’ என்னும் கருவி. அதன் தத்துவம் எளிது. சுழலும் காந்தப் பரப்பொன்றில் ஒரு தலை ஒலியைப் பதிக்கும். சற்றுத் தள்ளி நிற்கும் வேறு தலைகள் அதனைத் திரும்ப வாசிக்கும். தலைகளுக்கிடையேயுள்ள தூரத்தைப் பரப்பின் வேகத்தால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓடும் நாடாவில் இரு தலைகளுக்கிடையே 5 சென்ரிமீற்றர் இருப்பின், தாமதம் ஏறக்குறைய 263 மில்லிசெக்கன் ஆகும். வாசிக்கும் தலைகள் பலவாயின், ஒரு தட்டுக்குப் பல மறுவொலிகள் வெவ்வேறு இடைவெளிகளில் எழுந்து, தாமே ஒரு தாளக்கட்டாக அமைந்துவிடும். மார்வினின் இசையிற் குதிரை நடைபோற் கேட்கும் ஓசை இதனாலாயது.

இக்காலத் தாமதக் கருவியில் நாடாவுமில்லை, சுழற்சியுமில்லை. ஒலி எண்களாக மாற்றப்பட்டு, நினைவகத்திற் சிறிது நேரம் தங்கி வெளிவரும். செக்கனுக்கு 44,100 மாதிரி எடுக்கும் கருவியில் 300 மில்லிசெக்கன் தாமதம் வேண்டின், 13,230 எண்கள் வரிசையிற் காத்திருக்க வேண்டும். கணக்கிற் பிழையேதும் நேராது. ஆயின் பழைய ஒலியை மீளப் பெற விரும்புவோர்க்கு இப்பிழையின்மையே முதல் இடையூறு. காந்தப் பதிவில் ஒவ்வொரு மறுவொலியும் தன் கூர்மையைச் சிறிது இழந்து மங்கும். சுழற்சியின் வேகம் நூலளவு தளம்புதலால் சுருதியும் மெல்ல அசையும். ஆகவே பல்விளைவுக் கருவியை வைத்திருப்பவர் முதலிற் பல தட்டுகளைத் தரும் தாமதத்தைத் தெரிந்து, அவற்றின் இடைவெளிகளைச் சமமின்றி அமைத்து, மறுவொலிகளின் உயரதிர்வுகளைக் குறைத்து, மிகச் சிறிய அசைவைச் சேர்த்து, மீட்டலைச் சிலவற்றோடு நிறுத்துதல் வேண்டும். கலப்பில்லாத ‘வொக்ஸ்’ வால்வு ஒலிபெருக்கியின் சாயலையும் எதிரொலிக்குப் பின் வைத்தல் வேண்டும். குறைபாடில்லாத கருவிக்குப் பழைய கருவியின் குறைபாடுகளைக் கற்பிக்கும் வேலையே இது.

இவ்வளவும் செய்தபின்பும் அந்த ஒலி வந்துவிடுமோ? வாராது. ஏனெனில் மார்வின் தடித்த தந்திகளைப் பூட்டி, குதிரைப்பலகையை அண்டி மீட்டினார். கருவியின் அசைப்புக் கோலைக் கைக்குள்ளேயே வைத்திருந்து, நீண்ட சுரங்களின் முடிவில் மெல்ல நடுங்கச் செய்தார். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் நிற்கவிடுவது, எங்கே வெறுமையாக விடுவது என்பதை எதிரொலியைக் கேட்டுக் கேட்டே தீர்மானித்தார். விரைந்து பல சுரங்களை வாரி இறைப்பவனுக்கு எதிரொலி இரைச்சலாகும்; பொறுத்து வாசிப்பவனுக்கோ அது துணை வாத்தியமாகும். இப்பொறுமையை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்பார் இலர்.

இயந்திரத்தின் உதவியால் எழும் ஒலி போலி என்று சொல்லும் பெரியோரும் எம்மிடையே உளர். அவர் கூற்றையும் யாம் ஏற்றுக்கொள்ளோம். எக்கோமற்றிக் கருவியும் இயந்திரமே. பெரிய மண்டபத்தின் எதிரொலியைச் சிறிய பெட்டிக்குள் வரவழைக்க அன்று செய்த முயற்சியும் ஒருவகைப் போலிசெய்தலே. இயந்திரம் குற்றமுடையதன்று, கேளாமல் இயந்திரத்தை நம்புதலே குற்றம்.

எமது கருத்து இதுவே: முன்னோரின் ஒலியை அப்படியே எழுப்ப முயலுதல் மாணவனுக்கு மிக நல்ல பயிற்சி. குருவின் பாணியை நிழல்போற் பின்பற்றிப் பாடுவது எமது இசை மரபில் இழிவாகக் கருதப்பட்டதில்லை. அதுவே கல்வியின் முதற் படியாக இருந்தது. ஆனால் அங்கு சீடன் தன் செவியாற் கேட்டு, தன் தொண்டையாற் பாடிப் பிழைத்து, திருத்தப்பட்டு மீண்டும் பாடினான். பிறர் அமைத்துத் தந்த அமைப்பைப் பொத்தானால் அழைக்கும் மாணவன் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் கணிதம் கற்றவன் ஆகான். இசைத்தட்டைப் பத்து முறை கேட்டு, மறுவொலிகள் எத்தனை, முதலாவது எப்பொழுது எழுகின்றது, எது உரத்தது, எது மங்கியது என்று தானே கண்டறிந்து, மலிவான கருவியொன்றில் அவற்றை ஒவ்வொன்றாக அமைப்பவன், அவ்வொலியை முற்றாகப் பெறாவிடினும் செவி பெற்றவன் ஆவான். செவி பெற்றவன் பின்னர் எவ்வாத்தியத்தையும் கற்பான்.

பழைய மாணவராகிய எம்மவர்க்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக்கு இசைக்கருவி வாங்கித்தர விரும்பும் அன்பர்கள், ஆகப் புதிய, ஆக விலைகூடிய பெட்டியைத் தேடுவதற்கு முன்னர், சுருதி நிற்கும் நல்ல கிற்றார்கள் சிலவும், வெளி இரைச்சல் புகாத ஓர் அறையும், வாரத்தில் இரு மாலைப்பொழுது கூட இருந்து கேட்டுத் திருத்தும் ஆசிரியர் ஒருவரும் மாணவர்க்கு உளரோவென்று விசாரித்தல் நலம். பெட்டி சில ஆண்டுகளிற் பழசாகும். பழகிய செவி ஆயுள்வரை உடனிருக்கும்.

மாணவர்காள்! மார்வின் பேர்ட்டனின் ஒலியைத் தேடிப் போய்த் தவறினார். தவறிய இடத்தில் நின்றுவிடாமற் கையிற் கிடைத்த கருவியை முற்றக் கற்றார். நீவிரும் விரும்பும் ஒலியைத் தேடுங்கள், நுணுகிக் கேளுங்கள், துணிந்து பின்பற்றுங்கள். அதனை எட்டாமல் நீங்கள் தவறும் இடத்தை மாத்திரம் அலட்சியம் செய்யாதீர்கள். எதிரொலி ஓயும்போது அங்கே கேட்பது உங்கள் சொந்த ஒலியாக இருத்தல் கூடும்.