குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் எழுதுவதா?

ஒழுங்கீனம்! முதலாளியின் பேனா முனையிலிருந்து உதிரும் இந்த ஒற்றைச் சொல், சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் குமாரபாளையத்திலும் எத்தனை வீட்டு அடுப்புகளை அணைக்க வல்லது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா நாம்?

வேலையிழந்த காப்பீட்டாளருக்கென, தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் 2018இல் ஒரு திட்டம் வகுத்தது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று, உழைப்பவன் நாவில் நுழையாப் பெயரும் சூட்டியது. ஊதியத்தில் கால் பங்கு, 90 நாள் வரை என்றது. 2020இல் கொரோனா உலுக்கியபோது அரைப் பங்கு என்றது. நன்று! ஆனால், ஒழுங்கீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டு வேலையிழந்தவனுக்கு அந்தக் கைப்பிடிச் சோறும் இல்லை என்று எழுதி வைத்தது. அந்த நிதியில் அவன் ஊதியத்தில் பிடித்த காசும் கலந்திருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

ஒழுங்கீனம் என்று சொன்னவர் யார்? குற்றம் சாட்டியவர் முதலாளி. விசாரணை அதிகாரியை அமர்த்தியவர் முதலாளி. நீக்க ஆணையில் கையெழுத்திட்டவரும் முதலாளி! வழக்காடியே நடுவராக அமர்ந்தால் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்பாதே! இதை உணர்ந்துதான் நாடாளுமன்றம் 1971இல் தொழில் தகராறுச் சட்டத்தில் 11ஏ பிரிவைச் சேர்த்து, தண்டனை மிகையா என்று ஆராயும் உரிமையைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அளித்தது. நீதிமன்றம் திருத்தக்கூடிய ஆணை எனில், திருத்தும் நாள்வரை தொழிலாளி எதை உண்பான்?

தமிழகம் பாதி விடை கண்டது. 1981இல் இயற்றிய பிழைப்பூதியச் சட்டம், விசாரணைக்காக இடைநீக்கம் செய்யப்பட்டவனுக்கு முதல் 90 நாள் பாதி ஊதியம், அடுத்த 90 நாள் முக்கால், அதன்பின் முழுமை என்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை வயிறு காயலாகாது என்பதே அதன் கருத்து. ஆனால், நீக்க ஆணை வந்ததும் அந்தப் பிழைப்பூதியமும் நின்றுபோகிறது. வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீள்கிறது!

2025 பிப்ரவரியிலோ, ஒழுக்கக்கேடான செயலுக்காகப் பணிக்கொடையைப் பறிக்கக் குற்றவியல் நீதிமன்றத் தண்டனை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக்குள் நடக்கும் விசாரணையின் கை இன்னும் நீண்டது.

'ஒழுங்கு கெட்டவனுக்கு உதவித்தொகையா?' என்பர் சிலர். இங்கிலாந்தின் 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம், தன் தவறால் வேலையிழந்தவனை ஆறு வாரம் காக்க வைத்தது; என்றென்றைக்கும் கைவிடவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1941இல், திறமைக் குறைவு ஒழுங்கீனம் ஆகாது, வேண்டுமென்றே செய்த மீறலே ஒழுங்கீனம் என்று வரையறுத்தது. முடியரசும் முதலாளித்துவ நாடும் கண்ட நீதி, நம் குடியரசுக்கு எட்டாக்கனியோ?

பள்ளியில் பிழை செய்த சிறுவனைக் கண்டிக்கிறோம். அவன் சத்துணவுத் தட்டைப் பிடுங்குவதில்லை. அந்த அறம் ஆலை வாயிலில் மடிவானேன்?

நாம் கேட்பது சலுகை அன்று. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையதாகட்டும். தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை உதவித்தொகை தொடரட்டும். குற்றம் உறுதியானால் சில வாரம் நிறுத்தட்டும். அடியோடு மறுக்க வேண்டா. தண்டனை தவறுக்கு இருக்கட்டும், தோழர்களே. தவறே செய்யாத பிள்ளைகளின் பசிக்கு வேண்டா!